நோம் முதல் கோட்ஸபியூ வரை: ஒதுக்குப்புற விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் நேரமும் கணக்கிடுவது எப்படி?

இரண்டு விமான நிலையங்களின் பெயரை இணையத்தில் தட்டினால், "தூரம் 294 கி.மீ., பறக்கும் நேரம் 52 நிமிடம்" என்று ஏதாவது ஒரு தளம் உடனே சொல்லிவிடும். பெரிய ஊர்களுக்கு அது ஓரளவு ஒத்துவரும். ஒதுக்குப்புறமான ஊர்களில் அந்த இரண்டு எண்களில் முதலாவதை மட்டும்தான் நம்பலாம். எந்த விமானம், அன்றைக்கு என்ன காற்று, வழியில் எத்தனை இடத்தில் இறங்கும் என்று எதையுமே பார்க்காமல் போட்டது இரண்டாவது எண். அந்தத் தடத்தில் விமானமே ஓடாவிட்டாலும் தளம் நேரம் சொல்லும்!

அதனால் இந்தக் கணக்கை நாமே போடத் தெரிந்துகொள்வது நல்லது. பத்தாம் வகுப்புக் கணிதமும் கைபேசியில் இருக்கும் கால்குலேட்டரும் போதும். எடுத்துக்காட்டுக்கு அலாஸ்காவின் மேற்குக் கரையிலிருந்து இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று நோம்: 1898இல் பக்கத்து ஓடைகளில் தங்கம் கிடைத்ததும் கூட்டம் கூடி உருவான ஊர். இன்னொன்று கோட்ஸபியூ: ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டிச் சற்று வடக்கே, கடலுக்குள் நீண்டிருக்கும் பால்ட்வின் தீபகற்பத்தின் முனையில் இருக்கும் ஊர். இரண்டுக்கும் இடையே சாலை இல்லை. அலாஸ்காவின் மற்றப் பகுதிகளிலிருந்தும் இரண்டுக்கும் சாலை கிடையாது. நோமிலிருந்து மூன்று மண் சாலைகள் கிளம்புகின்றன. மூன்றும் நோம் இருக்கும் சீவர்ட் தீபகற்பத்துக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. ஆக, இங்கே விமானம்தான் பேருந்து.

முதலில், சரியான நிலையத்தைப் பிடியுங்கள்

ஊர்ப் பெயரை நம்பித் தொடங்கக் கூடாது. பெரிங் கடலில் செயின்ட் பால் என்று ஒரு தீவு இருக்கிறது. அதன் மூன்றெழுத்துக் குறியீடு எஸ்-என்-பி. மினசோட்டா மாநிலத்தின் தலைநகரமும் செயின்ட் பால்தான். அங்குள்ள நிலையம் எஸ்-டி-பி. பெயரை மட்டும் கொடுத்தால் எது வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. வரும் எண்ணைப் பார்த்தும் புதியவருக்குச் சந்தேகம் வராது.

நோமின் குறியீடு ஓ-எம்-இ, கோட்ஸபியூவின் குறியீடு ஓ-டி-இசட். டிக்கெட்டிலும் லக்கேஜ் சீட்டிலும் வருவது இந்த மூன்றெழுத்துதான். வானிலை பார்க்க நான்கெழுத்துக் குறியீடு வேண்டும்: நோமுக்கு பி-ஏ-ஓ-எம், கோட்ஸபியூவுக்கு பி-ஏ-ஓ-டி. சின்னக் கிராமங்களில் இன்னொரு குழப்பமும் உண்டு. கோட்ஸபியூவுக்குத் தெற்கே உள்ள டீரிங் கிராமத்துக்கு டிக்கெட்டில் டி-ஆர்-ஜி என்று வரும். அமெரிக்க விமானத் துறையின் பட்டியலில் அதே ஓடுதளம் டி-இ-இ. ஒரு தளத்தில் தேடிக் கிடைக்காவிட்டால் ஓடுதளம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள், மற்றக் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, இருப்பிட எண்கள்

ஒவ்வொரு நிலையத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் வேண்டும். தசமத்தில் எழுதினால் இப்படி:

நோம்: வடக்கு 64.512, மேற்கு 165.445
கோட்ஸபியூ: வடக்கு 66.885, மேற்கு 162.599

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இது. சில பட்டியல்கள் தசமத்தில் இருக்கும், சில பாகை–கலை கணக்கில் இருக்கும். கோட்ஸபியூ 66 பாகை 53 கலை. அதை 66.53 என்று அப்படியே தசமமாகத் தட்டினால் போச்சு. ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் 53ஐ 60ஆல் வகுக்க வேண்டும், 66.88 என்று வரும். வகுக்காமல் விட்டால் ஊர் 39 கி.மீ. தெற்கே நகர்ந்து, ஆர்க்டிக் வட்டத்தையே தாண்டி வந்துவிடும். கிழக்கு மேற்கையும் கவனியுங்கள். மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போடச் சொல்லும் கருவிகள் நிறைய உண்டு. குறியை மறந்தால் நோம் அலாஸ்காவை விட்டு ஆசியப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தூரத்தைக் கையாலேயே போடலாம்

நூற்றுக்கணக்கான கி.மீ. தூரம் வரை பெரிய சூத்திரம் எதுவும் வேண்டாம், பைதாகரஸ் போதும். வடக்கு–தெற்காக ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. கிழக்கு–மேற்காக நிலநடுக்கோட்டில் மட்டும்தான் அதே அளவு. துருவத்தை நெருங்க நெருங்கத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்கி வருவதால் அது சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பதை அந்த அட்சரேகையின் கொசைன் மதிப்பு சொல்லும்.

இரண்டு ஊர்களுக்கும் வடக்கு–தெற்கு வித்தியாசம் 2.373 பாகை. அதை 111.2ஆல் பெருக்கினால் 263.9 கி.மீ.

கிழக்கு–மேற்கு வித்தியாசம் 2.846 பாகை. இரண்டு ஊர்களின் சராசரி அட்சரேகை 65.7, அதன் கொசைன் 0.4115. மூன்றையும், அதாவது 2.846, 111.2, 0.4115 ஆகியவற்றைப் பெருக்கினால் 130.2 கி.மீ.

இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 294 கி.மீ. வந்துவிட்டது.

தளங்கள் பயன்படுத்தும் பெருவட்டச் சூத்திரத்தை, அதாவது உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழியை அளக்கும் சூத்திரத்தைப் போட்டாலும் இதே 294தான் வரும். பூமி முழு உருண்டை இல்லை, துருவத்தில் சற்றுத் தட்டை என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் 295 ஆகும். அந்த ஒரு கி.மீ.க்காக யாரும் சண்டை போடத் தேவையில்லை. ஆயிரம் கி.மீ.க்கு மேல் போனால் மட்டும் இந்தக் கைக்கணக்கை விட்டுவிட்டுப் பெருவட்டக் கருவியைப் பயன்படுத்துங்கள்.

294 கி.மீ. என்பது சென்னை மீனம்பாக்கத்திலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு உள்ள நேர்க்கோட்டுத் தூரம்தான், கிட்டத்தட்ட அச்சாக அதே அளவு. ஆனால் கொசைன் என்ன வேலை செய்கிறது பாருங்கள். சென்னைக்கும் திருச்சிக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் ஒன்றரைப் பாகைகூட இல்லை. அது 160 கி.மீ. ஆகிறது. இங்கே 2.8 பாகைக்கு மேல் இருந்தும் 130தான். சுவரில் மாட்டும் மெர்கேட்டர் உலக வரைபடத்தில் இந்தச் சுருக்கம் தெரியாது. நோம் இருக்கும் அட்சரேகையில் அது எல்லாவற்றையும் சுமார் 2.3 மடங்கு நீட்டிக் காட்டும். அந்த மாதிரிப் படத்தில் ஸ்கேல் வைத்து அளந்து எவர் தூரம் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

எந்த மைல்?

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நிலமைல் 1.609 கி.மீ., கடல்மைல் 1.852 கி.மீ. இதே தூரம் நிலமைலில் 183, கடல்மைலில் 159. பயணிகளுக்கான தளங்கள் பெரும்பாலும் நிலமைலில் சொல்லும். பைலட்டுகள் தூரத்தைக் கடல்மைலில் பேசுவார்கள். ஒரு மணிக்கு ஒரு கடல்மைல் போனால் அது ஒரு நாட் வேகம். வானிலை அறிக்கைகளில் காற்று வேகம் நாட் அளவில் வருவதால், நேரக் கணக்குக்குக் கடல்மைலையே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தடத்தில் விமானம் உண்டா?

நியாயமாகப் பார்த்தால் இதுதான் முதல் கேள்வி. ஆனால் தூரம் தெரிந்தால்தான் பதிலின் பாரம் புரியும் என்பதால் இங்கே வைத்தேன்.

ஒதுக்குப்புற நிலையங்கள் பெரும்பாலும் ஒரு பெரிய ஊரைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரங்கள் போல அமைந்திருக்கும். அலாஸ்காவில் அந்த மையம் ஆங்கரேஜ். அங்கிருந்து நோம் 867 கி.மீ., கோட்ஸபியூ 883 கி.மீ. பெரிய தேடல் தளம் ஒன்றில் நோம்–கோட்ஸபியூ என்று போட்டால், ஆங்கரேஜ் போய் மாறி வரும் வழியைக் காட்ட நல்ல வாய்ப்பு உண்டு. அதாவது 294 கி.மீ. தள்ளியிருக்கும் ஊருக்கு 1,750 கி.மீ. சுற்று. மாறும் விமானம் அடுத்த நாள்தான் என்றால் ஆங்கரேஜில் ஒரு இரவு ஹோட்டல் செலவும் சேரும்.

ஆனால் தேடல் தளத்தில் வராதது இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. இப்பகுதியில் சின்ன விமானங்களை ஓட்டும் பெரிங் ஏர் நிறுவனம் நோம், கோட்ஸபியூ, உனலக்லீட் ஆகிய மூன்று ஊர்களை மையமாக வைத்துக் கிராமங்களுக்குப் பறக்கிறது. இப்படிப்பட்ட நிறுவனங்களின் இருக்கைகள் பெரிய தளங்களில் எப்போதும் வருவதில்லை. அவர்களுடைய சொந்தத் தளத்தைப் பாருங்கள், இல்லாவிட்டால் போன் போடுங்கள். போன்தான் இன்றைக்கும் சிறந்த வழி. வாரத்தில் எந்தெந்த நாள், வழியில் எந்தக் கிராமத்தில் இறங்கும், இருக்கை நிரம்பிவிட்டால் அடுத்தது எப்போது என்று ஒரே பேச்சில் தெரிந்துவிடும்.

பழைய தகவலிலும் ஜாக்கிரதை. அலாஸ்காவின் பெரிய பிராந்திய நிறுவனமாக இருந்த ராவ்ன்ஏர் குழுமம் 2020 ஏப்ரலில் சேவையை நிறுத்தித் திவால் மனு கொடுத்தது. அதன் பழைய அட்டவணைகளை வைத்து எழுதிய பக்கங்கள் அதற்குப் பிறகும் இணையத்தில் அப்படியே கிடக்கும். தேதி போடாத அட்டவணையைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

இறங்கி ஏறும் வழியையும் கணக்கில் எடுக்க வேண்டும். விமானம் நேராகப் போகாமல் ஷிஷ்மரெஃப் கிராமம் வழியாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நோமிலிருந்து ஷிஷ்மரெஃப் 195 கி.மீ., அங்கிருந்து கோட்ஸபியூ 170 கி.மீ. மொத்தம் 365. தூரத்தில் 71 கி.மீ.தான் கூடியது. ஆனால் இறங்கி, மூட்டையை இறக்கி, ஆளை ஏற்றி, மறுபடி கிளம்ப இருபது நிமிடமாவது போகும். கிராமங்களில் அஞ்சலும் மளிகையும் இதே விமானத்தில்தான் வரும் என்பதால் இந்த நிறுத்தங்களைக் குறை சொல்லவும் முடியாது. ஜெட் விமானத்திலும் இதே கதைதான்: அலாஸ்கா ஏர்லைன்ஸ் 2017 வரை முன்பாதியில் சரக்கும் பின்பாதியில் பயணிகளுமாக ஒரு வகை போயிங் 737ஐ இந்த ஊர்களுக்கு ஓட்டியது. பயணிகள் வால் பக்கத்துக் கதவு வழியாகத்தான் ஏறுவார்கள்.

இப்போது நேரம்

52 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பல தளங்களின் சூத்திரம் ஒன்றேதான்: மணிக்கு 500 மைல் வேகம், அதோடு கிளம்பவும் இறங்கவும் அரை மணி. 183 மைலுக்கு 22 நிமிடம், கூட 30, ஆக 52. ஜெட் விமானத்துக்கு இது பெரிய தவறில்லை. ஆனால் இந்தப் பகுதியில் உங்களை ஏற்றிப்போவது செஸ்னா கேரவன் மாதிரி ஒற்றை இன்ஜின் விமானமாக இருக்கலாம். ஒன்பது பேர் உட்காரலாம். வேகம் சுமார் 155 நாட் என்று வைத்துக்கொண்டால் போதும்.

159 கடல்மைலை 155ஆல் வகுத்து 60ஆல் பெருக்கினால் 61 நிமிடம். ஏறும்போது வேகம் குறைவு, இறங்கும் முன் ஓடுதளத்தை நோக்கி ஒரு சுற்று. அதற்குப் பத்து நிமிடம் சேர்த்தால் ஒரு மணி பத்து நிமிடம். அதே தூரத்துக்கு 19 இருக்கை பீச் 1900 கிடைத்தால், 250 நாட் வேகத்தில் 38 நிமிடம், கூட அதே பத்து. விமானம் மாறினால் நேரம் இப்படித் தாவும். அதனால் டிக்கெட் எடுக்கும்போதே என்ன விமானம் என்று கேட்டுவிடுங்கள்.

டிக்கெட்டில் அச்சாகும் நேரம் இதைவிடக் கூடுதலாக இருக்கும். அது நின்ற இடத்திலிருந்து விமானம் அசையும் நொடி தொடங்கிப் போய் நிற்கும் நொடி வரை. சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தொடும்வரை உள்ளதுதான் பறக்கும் நேரம். இரண்டு தளங்கள் இரண்டு நேரம் சொன்னால், பெரும்பாலும் ஒன்று இதைச் சொல்கிறது, மற்றது அதைச் சொல்கிறது.

மிகக் குறைந்த தூரத்தில் சூத்திரமெல்லாம் செல்லாது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரண்டு தீவுகளுக்கு இடையே லோகன்ஏர் ஓட்டும் விமானத்துக்குத் தூரம் 2.7 கி.மீ., அட்டவணை நேரம் 2 நிமிடம். காற்று ஒத்துழைத்த ஒருநாள் 53 நொடியில் முடிந்திருக்கிறது. அரை மணி கூட்டும் தளத்தில் அதைப் போட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்.

காற்று

மெதுவான விமானத்துக்குக் காற்று பெரிய விஷயம். ஜெட்டுக்கு 30 நாட் எதிர்காற்று ஒரு உரசல். கேரவனுக்கு அது வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

நோமிலிருந்து கோட்ஸபியூவுக்குத் திசை ஏறத்தாழ வட-வடகிழக்கு. எதிரே 30 நாட் காற்று இருந்தால் தரைமேல் வேகம் 125 நாட்தான். 61 நிமிடப் பயணம் 76 ஆகும். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 185 நாட்; 52 நிமிடம். போகவர மொத்தம் 128 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 123. போகும்போது இழந்ததை வரும்போது முழுக்கப் பிடித்துவிடலாம் என்று தோன்றும், ஆனால் முடியாது. ஏனென்றால் மெதுவாகப் போகும் பக்கத்தில்தான் அதிக நேரம் காற்றில் சிக்கியிருக்கிறோம்.

காற்று நேர் எதிரே வராமல் சாய்வாக வந்தால் முழு வேகத்தையும் கழிக்க வேண்டாம். 30 பாகைச் சாய்வில் வந்தால் 87 சதவீதம், 45இல் 71 சதவீதம், 60இல் பாதி. தோராயத்துக்கு இது போதும். இன்னொன்று: விமான நிலைய வானிலை அறிக்கையில் வருவது தரைக்காற்று. விமானம் பறக்கும் உயரத்தில் வேறு காற்று இருக்கும். 3,000, 6,000, 9,000 அடி என்று உயரவாரியாகக் காற்று முன்னறிவிப்பு தனியாக வரும், அதைப் பாருங்கள். இந்தத் தடத்தில் நோமைத் தாண்டியதும் கிக்லுவாயிக் மலைகள் வரும். அவற்றின் உச்சி 4,714 அடி என்பதால், மேகத்துக்குள் போக வேண்டியிருந்தால் பைலட் தாழப் பறக்க முடியாது.

கடிகாரத்தைக் கழித்து நேரம் கண்டுபிடிக்காதீர்கள்

நோமும் கோட்ஸபியூவும் ஒரே நேர மண்டலத்தில் இருப்பதால் இங்கே சிக்கல் இல்லை. ஆனால் வந்துசேரும் நேரத்திலிருந்து கிளம்பும் நேரத்தைக் கழிக்கும் பழக்கம் வேறு இடத்தில் காலை வாரும். நோமிலிருந்து மேற்கே பெரிங் கடலைத் தாண்டினால் ரஷ்யாவின் புரோவிதேனியா, 374 கி.மீ.தான். பனிப்போரின் கடைசியில், 1988 ஜூனில், அலாஸ்கா ஏர்லைன்ஸின் நட்புப் பயணம் ஒன்று அங்கே போய் வந்தது. இடையில் சர்வதேசத் தேதிக்கோடு இருக்கிறது. குளிர்காலத்தில் நோமிலிருந்து திங்கள் காலை 10 மணிக்குக் கேரவனில் கிளம்பி ஒன்றேகால் மணிநேரம் பறந்தால், அங்கே கடிகாரத்தில் செவ்வாய் காலை எட்டேகால்! கழித்துப் பார்த்தால் 22 மணி நேரத்துக்கு மேல் வரும். எப்போதும் இரண்டு நேரங்களையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள்.

கிளம்பும் நாளில்

மேலே போட்டதெல்லாம் விமானம் கிளம்பினால்தான். கடலோர மூடுபனியோ பனிப்புயலோ வந்தால் ஒரு மணி நேரப் பயணம் ஒன்றிரண்டு நாள் காத்திருப்பாக மாறும். அமெரிக்க விமானத் துறை அலாஸ்காவெங்கும் வானிலைக் கேமராக்களை வைத்திருக்கிறது. தெளிவான நாளில் எடுத்த படத்தையும் இப்போதைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தெளிவான படத்தில் தெரியும் மலை இப்போதைய படத்தில் காணாமல் போயிருந்தால், ஓடுதளத்துக்கு அவசரமாக ஓட வேண்டாம்; முதலில் நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள்.

சின்ன விமானத்தில் பயணிகளின் எடையையும் கேட்பார்கள், சில சமயம் லக்கேஜோடு தராசில் ஏறச் சொல்வார்கள். கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள். எதிர்காற்று பலமாக இருந்தால் எரிபொருள் கூடுதலாக ஏற்ற வேண்டியிருக்கும், அந்த அளவு சுமை குறைய வேண்டும். அப்போது உங்கள் பெட்டி அடுத்த விமானத்தில் வரலாம். மருந்து, சார்ஜர், ஒரு மாற்றுத் துணி, குளிருக்குக் கனத்த கோட்டு ஆகியவை பெட்டியில் இல்லாமல் கையில் இருக்கட்டும். ஆங்கரேஜிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும் டிக்கெட்டைக் கோட்ஸபியூ விமானம் வரும் அதே நாளில் எடுக்காதீர்கள். நடுவில் ஒரு நாள் விடுங்கள். முடியவில்லையென்றால் தேதி மாற்றக் கட்டணம் இல்லாத டிக்கெட்டாகப் பார்த்து எடுங்கள்.